பருவக்காற்றும் புயற்கூண்டும்: கடலோடிகளுக்கான வானிலை அறிவிப்பின் வரலாறு

வெப்பமண்டலக் கடலில் கப்பலோட்டுபவனுக்குக் காற்றைப் பற்றி இரண்டு செய்திகள் தெரிய வேண்டும். எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து காற்று வீசும் என்பது ஒன்று. இந்த வாரம் புயல் வருமா, வந்தால் எந்தப் பக்கம் போகும் என்பது மற்றொன்று. முதலாவதை இந்தியப் பெருங்கடலின் மாலுமிகள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். இரண்டாவதைக் கற்க 19ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கற்றதை நடுக்கடலில் இருப்பவனின் காதுக்குக் கொண்டுசேர்க்கும் வேலையோ இன்னும் முடிந்தபாடில்லை.

இந்த வரலாற்றை, கடலே இல்லாத தேனி மாவட்டத்திலிருந்து எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 'தூத்துக்குடியில் கூண்டு ஏற்றினால் நமக்கென்ன?' என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. கம்பத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் அரபிக்கடல் 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகத் தொலைவில்தான் இருக்கிறது. இடையில் மலை நிற்பதால் கடல் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் கடற்காற்று நம்மை அறியும்.

கணவாய்க்குள் நுழையும் கடற்காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்து வரும் காற்று மலையில் மோதி, குமுளிக்கு மேற்புறம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. தேக்கடியில் குடையில்லாமல் நடக்க முடியாத நாளில் கம்பத்தில் சாரலும், தேனியில் வெறும் புழுதியும் இருப்பது இதனால்தான். தமிழகத்தில் காற்றாலைகளுக்கு உகந்தவையாக நான்கு கணவாய்களைக் குறிப்பிடுவர்: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம். ஆண்டிபட்டிப் பக்கம் சுழலும் காற்றாலைகளைத் தள்ளுவது தென்மேற்குப் பருவக்காற்று. பழங்காலத்தில் மேலைநாட்டுப் பாய்மரக் கப்பல்களைச் சேரநாட்டுக் கரைக்குத் தள்ளி வந்ததும் அதுவே.

பெரியாற்றின் கதையும் இதோடு சேர்ந்தது. இன்று சுரங்கம் வழியாக நம் வயல்களுக்கு வரும் பெரியாறு, இயல்பில் மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆறு. அதன் பழைய முகத்துவாரப் பகுதியில்தான் சங்ககாலத் துறைமுகமான முசிறி இருந்தது. மலைமேல் பெய்த மழையும், மலையடிவாரக் கடலில் வந்துசேர்ந்த கப்பலும் ஒரே காற்றின் வேலை.

மாலுமிகள் அறிந்த பருவம்

கிரேக்க-ரோமானிய மாலுமிகளிடையே தென்மேற்குப் பருவக்காற்றுக்கு 'ஹிப்பாலஸ்' என்று பெயர். அந்தப் பெயருடைய கப்பலோட்டி ஒருவர்தான் கரையோரமாக ஊர்ந்து செல்லாமல் நடுக்கடலைக் குறுக்கே கடக்கும் வழியைக் கண்டுபிடித்தார் என்று கி.பி. முதல் நூற்றாண்டின் 'எரித்ரேயன் கடலின் பெரிப்ளூஸ்' கூறுகிறது. 'கண்டுபிடித்தார்' என்ற சொல்லை நாம் சற்று நிதானித்தே ஏற்க வேண்டும். அரேபியரும் இந்தியக் கரைவாழ் மக்களும் அக்காற்றை அதற்கு முன்பே பயன்படுத்தி வந்தனர். ஹிப்பாலஸ் அறிமுகப்படுத்தியது அவருடைய நாட்டவருக்கு மட்டுமே.

அதே நூற்றாண்டில் எழுதிய பிளினி, பயணக் கால அட்டவணை ஒன்றையே தருகிறார். நடுக்கோடையில் எகிப்தின் செங்கடல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட வேண்டும். செங்கடலின் வாயிலில் உள்ள ஒகேலிஸை 30 நாளில் அடையலாம். அங்கிருந்து 40 நாளில் முசிறி. திரும்புவதற்கு டிசம்பர் வாக்கில் வடகிழக்குக் காற்றைப் பிடிக்க வேண்டும். கணக்கிட்டுப் பார்த்தால் இதன் நுட்பம் புரியும். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரையில் அலையின் மூர்க்கம் உச்சத்தில் இருக்கும். அப்போது கரையை நெருங்கும் கப்பல் உடையும். பிளினியின் கணக்குப்படி கப்பல் வந்துசேர்வது காற்று தணியத் தொடங்கும் செப்டம்பரில். பருவத்தின் வால்பகுதியைப் பிடித்து வருவதுதான் சூட்சுமம்.

நம்மவர்களும் இதில் சளைத்தவர்களல்லர். கரிகால் வளவனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவனுடைய முன்னோர் கடலில் காற்றை ஆண்டு கலம் செலுத்தியதைப் புறநானூற்று 66ஆம் பாடலில் பெருமையாகக் குறிப்பிடுகிறார். திசைக்கொரு காற்றுப் பெயர் வைத்த மொழி தமிழ்: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. தமிழகக் கரையிலும் ஈழக் கரையிலும் மீனவர்கள் இன்றும் கச்சான், சோழகம், வாடை, கொண்டல் என்று பேசுகின்றனர். பாடநூலில் 'தென்மேற்குப் பருவக்காற்று' என்று படிக்கும் மாணவனுக்கு இந்தச் சொற்களையும் சொல்லித்தர வேண்டும் என்பது என் எண்ணம். 'மான்சூன்' என்ற சொல்கூட அரபியில் பருவத்தைக் குறிக்கும் 'மௌசிம்' என்பதிலிருந்து வந்ததுதான்.

இந்தக் காற்றுகளை முதன்முதலில் உலகப்படத்தில் வரைந்து அச்சிட்டவர் எட்மண்ட் ஹாலி. வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான். 1686இல் அவர் வெளியிட்ட படத்தில் வணிகக் காற்றுகளும் பருவக்காற்றுகளும் சிறு கோடுகளாகக் காட்டப்பட்டுள்ளன. அதற்கான செய்திகளை அவர் பெற்றது மாலுமிகளிடமிருந்து.

சோழமண்டலக் கரையின் அச்சம்

பருவம் தெரிந்தவனையும் புயல் கொன்றது. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே, அக்டோபர் நடுவில் ஒரே இரவுப் புயலில் தன் கப்பற்படையின் பெரும்பகுதியை இழந்தார். 1761 ஜனவரி முதல் நாள், புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களுக்கு அதே கதி நேர்ந்தது. அன்று சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்பதுதான் வழக்கம். எனவே கிழக்கிந்தியக் கம்பெனியார் எளிய விதி ஒன்றை வைத்திருந்தனர்: அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை கப்பல்கள் இந்தக் கரையில் நிற்கக் கூடாது. புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிக்கம்பத்தை அந்த இரு மாதங்களும் இறக்கி வைப்பர். முன்னறிவிப்பு என்று சொல்ல முடியாத, ஆனால் உயிர்காத்த ஏற்பாடு. அதற்கு விலையும் உண்டு. இரண்டு மாத வாணிபம் முடங்கும். மே மாதத்தில் வரும் புயலுக்கு அந்த விதி உதவாது. 1872 மே மாதத் தொடக்கத்தில் சென்னையைத் தாக்கிய புயல் பல கப்பல்களைக் கரையில் தூக்கியெறிந்தது. அதன்பின் 1876இல் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881 நவம்பரில் வந்த புயல் பாதி கட்டிய அலைத்தடுப்புச் சுவர்களையே உடைத்துப் போட்டது.

இதற்கிடையில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கம்பெனியின் வானாய்வகம் எழுந்தது. வானியல் கணிப்பும் கப்பல்களுக்குச் சரியான நேரம் அறிவிப்பதும் அதன் முதன்மைப் பணிகள். 1796 முதல் அங்கே வானிலைப் பதிவுகளும் எழுதப்பட்டன. அந்த ஆய்வகத்தின் கருங்கல் தூணில் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. இன்று மண்டல வானிலை மையம் இயங்குவது அதே வளாகத்தில்தான். தொலைக்காட்சியில் 'நுங்கம்பாக்கத்தில் பதிவான மழை' என்று கேட்கும்போது அதன் வயதை நினைத்துக்கொள்ளலாம்.

'சைக்ளோன்' என்ற சொல்லைத் தந்தவர்

புயல் நேர்கோட்டில் வீசும் காற்றல்ல, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழலும் காற்று என்ற உண்மை 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில்தான் உறுதியானது. நம் கடலுக்கு அதைப் பொருத்திக் காட்டியவர் ஹென்றி பிடிங்டன். கல்கத்தாவில் கடல்சார் நீதிமன்றத் தலைவராக இருந்தவர். விபத்துக்குள்ளான கப்பல்களின் நாட்குறிப்புகள் அவரிடம் வந்தன. ஒரே புயலில் சிக்கிய வெவ்வேறு கப்பல்களின் குறிப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்றுக்குக் கிழக்குக் காற்று, மற்றொன்றுக்கு மேற்குக் காற்று. இரண்டுக்கும் நடுவே மையம் இருந்திருக்க வேண்டும். இப்படி ஒவ்வொரு புயலாக வரைந்து, 1848இல் மாலுமிகளுக்கான கையேட்டை வெளியிட்டார். பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'சைக்ளோன்' என்ற பெயரை உண்டாக்கியதும் அவரே.

அக்கையேட்டோடு ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் இரண்டு தரப்பட்டன. தகட்டில் வட்டவட்டமாகக் காற்றுத் திசை அம்புகள் இருக்கும். மாலுமி தன் கடற்படத்தின் மேல் தகட்டை வைத்து, தான் உணரும் காற்றின் திசைக்கு அம்பைப் பொருத்தினால், மையம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். அம்முறையின் சாரத்தை ஒரே வரியில் சொல்லலாம்: வடகோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வழுத்த மையம் இடக்கைப் பக்கம் இருக்கும். இதை 1857இல் விதியாக எழுதியவர் டச்சு அறிஞர் பைஸ் பாலட். பூமி சுழல்வதால் வடகோளத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, தென்கோளத்தில் வலஞ்சுழி. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தத் திருப்புவிசை மிகக் குறைவு. அதனால் அங்கே புயல் உருவாவது அரிது.

கப்பலுக்கு இதில் இன்னொரு பாடம் உண்டு. புயல் நகரும் பாதைக்கு வலப்பக்கத்தில் சுழற்சியின் வேகமும் நகர்வின் வேகமும் கூடிக்கொள்ளும். காற்றும் கப்பலைப் புயலின் முன்னே தள்ளும். அதை 'ஆபத்தான பாதி' என்பர். இடப்பக்கத்திலிருந்து தப்புவது ஒப்பீட்டளவில் எளிது.

பிடிங்டனின் வாழ்வில் வருந்தத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. கல்கத்தாவுக்குத் தெற்கே மாட்லா ஆற்றின் கரையில் புதிய துறைமுகம் கட்ட அரசு எண்ணியபோது, புயல் அலையில் அந்த இடம் மூழ்கும் என்று 1853இல் ஆளுநர் டல்ஹௌசிக்கு எழுதினார். அதைப் பொருட்படுத்தாமல் கேனிங் துறைமுகம் கட்டப்பட்டது. 1867 நவம்பர் புயலில் அது அழிந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1858இலேயே காலமாகியிருந்தார்.

தந்தியும் கூண்டும்

கொம்புத் தகடு புயலுக்குள் சிக்கியவனுக்குத்தான் உதவும். புயல் வருமுன் சொல்ல, புயலைவிட வேகமாக ஓடும் ஒன்று தேவை. அது மின்தந்தி. 1864 அக்டோபரில் கல்கத்தாவையும், அடுத்த மாதமே மசூலிப்பட்டினத்தையும் பெரும்புயல்கள் சூறையாடின. மறு ஆண்டு, 1865இல், கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டு ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் தலைமையேற்றார். 1886க்குள் எச்சரிக்கை முறை இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் பரவியது; 1898இல் எங்கும் ஒரே வகைச் சின்னங்கள் என்று ஆக்கப்பட்டது. பிளான்ஃபோர்டுக்குப் பின் வந்த ஜான் எலியட், வங்கக் கடல் புயல்கள் பற்றி மாலுமிகளுக்கென்றே 1890இல் கைநூல் எழுதினார்.

பாம்பனிலும் நாகையிலும் 'கூண்டு ஏற்றப்பட்டது' என்று செய்தியில் வருவது அந்தச் சின்னங்களைத்தான். பகலில் கூம்பும் உருளையும் கம்பத்தில் தொங்கும்; இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். எண் 1 என்றால் தொலைவில் தாழ்வு மண்டலம். எண் 2 என்றால் தொலைவில் புயல். இவை துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் கப்பல்களுக்கானவை. 3, 4 துறைமுகத்துக்கே அச்சம் வந்ததைக் குறிக்கும். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பேரபாயம். எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது என்று பலர் எண்ணுகின்றனர். 5க்கும் 6க்கும் கடுமையில் வேறுபாடில்லை. துறைமுகம் புயற்பாதைக்கு இடப்பக்கம் அமையும் என்றால் 5, வலப்பக்கம் என்றால் 6, புயல் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும் என்றால் 7. 8, 9, 10 எண்களுக்கும் இதே வரிசைதான். நங்கூரமிட்ட கப்பலுக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து திரும்பும் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.

கடைசி எண் 11. அதன் பொருள்: வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது; இனி எங்களுக்கும் எதுவும் தெரியாது. அந்தச் சின்னத்தை வகுத்தவர்களின் நேர்மை எனக்குப் பிடிக்கும்.

பஞ்சம் தந்த மூன்று

1876-78 பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. பருவமழை பொய்த்ததன் விளைவுகள் மூன்று வகையில் நம் பகுதியைத் தொடுகின்றன. பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனை மீண்டும் உயிர்பெற்றது. ஜான் பென்னிகுயிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபுவால் திறக்கப்பட்டது. மழை பொய்ப்பதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்விக்குப் பதிலாக, இமயத்தின் பனிப்பொழிவை அடிப்படையாகக் கொண்டு 1886 ஜூனில் முதல் முறையான பருவமழை முன்கணிப்பைப் பிளான்ஃபோர்டு வெளியிட்டார். மூன்றாவது கொடைக்கானலில் இருக்கிறது. சூரியனின் மாற்றங்களுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற நம்பிக்கையில் அங்கே சூரிய ஆய்வகம் அமைக்க முடிவாகி, அதற்கும் 1895இல் அதே வென்லாக் அடிக்கல் நாட்டினார். பெரியகுளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் மலைமேல் அது இன்றும் இயங்குகிறது. சூரியப் புள்ளிகளைக் கொண்டு மழையைச் சொல்லும் கனவு பலிக்கவில்லை. ஆனால் அங்கே நடந்த சூரிய ஆராய்ச்சி உலகப்புகழ் பெற்றது.

1904இல் வானிலைத் துறைக்குத் தலைவராக வந்த கணித அறிஞர் கில்பர்ட் வாக்கர், இந்தியாவுக்குள் மட்டும் தேடாமல் உலகின் பல இடங்களின் காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக் கடலில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலில் தாழ்கிறது; அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது. இந்த ஊசலாட்டத்துக்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். இன்று எல் நினோ என்று நாம் பேசுவதன் மறுபாதி அது. ஜூன் தொடக்கத்தில் அணை மதகு திறந்து பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல்போக நடவுக்குத் தண்ணீர் விட முடியுமா என்ற உள்ளூர்க் கேள்விக்கும், கொச்சிக் கடலில் எப்போது சீற்றம் தொடங்கும் என்ற மாலுமியின் கேள்விக்கும் விடை அந்த ஊசலோடு கட்டுண்டு கிடக்கிறது.

தனுஷ்கோடியும் ஒக்கியும்

கம்பியில்லாத் தந்தி, வானொலி, செயற்கைக்கோள் என்று 20ஆம் நூற்றாண்டில் கருவிகள் பெருகின. ஆயினும் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியபோது, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டோருடன் அழிந்தது. பாம்பன் பாலம் சிதைந்தது. தீவுக்கும் வெளியுலகுக்கும் தொடர்பு அற்றது. பின்னாளில் சென்னை, காரைக்கால் ஆகிய இடங்களில் புயல் கண்டறியும் ரேடார்கள் வந்தன. 1983 முதல் இன்சாட் செயற்கைக்கோள் வங்கக் கடலின் மேகங்களைப் படமெடுத்து அனுப்புகிறது. 2004 முதல் நம் கடற்புயல்களுக்குப் பெயரும் உண்டு. இந்தியா 2020இல் தந்த பட்டியலில் 'முரசு', 'நீர்' ஆகிய பெயர்கள் உள்ளதைத் தமிழ் மாணவர்கள் அறிய வேண்டும்.

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, திண்டுக்கல், கொடைக்கானல் மலை வழியாக அரபிக்கடலுக்குச் சென்றது. அதன் பாதை பல நாள் முன்பே கணிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஓராண்டு முன் வந்த ஒக்கியின் கதை வேறு. 2017 நவம்பர் 29இல் இலங்கைக்குத் தெற்கே தாழ்வு மண்டலமாக இருந்த அது, மறுநாள் காலை குமரிக் கடலிலேயே புயலாகிவிட்டது. காற்று 34 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் 'புயல்' என்ற பெயர் கிடைக்கும். அந்தப் பெயர் கிடைத்தபோது புயல் கரைக்கு அருகில் நின்றது. கரையில் இருந்தவர்களுக்கே நேரம் போதவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் தங்கிச் சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். அறிவிப்பு வருவதற்குப் பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தனர். படகின் விஎச்எஃப் கருவிக்குக் கரையின் குரல் எட்டும் தொலைவைத் தாண்டி இருந்தவர்களுக்குக் கூண்டும் தெரியாது, வானொலியும் கேட்காது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை.

அதன்பின், கரை அலைவரிசைக்கு அப்பால் செய்தி அனுப்புவதற்கான முயற்சிகள் வேகம் பெற்றன. ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் 'ஜெமினி' என்ற சிறு கருவியை 2019இல் அறிமுகப்படுத்தியது. மீனவரின் கைப்பேசிக்கு அது செய்தியைக் கடத்தும். ஆனால் அது ஒருவழிக் கருவி; கரை சொல்வதைப் படகு கேட்கலாம், படகு அழைப்பது கரைக்குக் கேட்காது. இருவழியாகச் செய்தி பரிமாறும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று பால்கரில் தொடங்கி வைக்கப்பட்டது. புயல் செய்தியைப் படகுக்குத் தருவதோடு, ஆபத்தில் சிக்கிய படகு தன் இருப்பிடத்தைக் கரைக்குச் சொல்லவும் அதில் வழி இருக்கிறது.